சான்றிதழை உலையில் போட முடியாது

கல்லூரி மாணவிகளுக்கு நடக்கும் வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டங்களில் தவறாமல் வரும் ஓர் அறிவுரை உண்டு. "படிப்பு, இன்டர்ன்ஷிப், பார்ட் டைம் வேலை எல்லாத்தையும் பேலன்ஸ் பண்ணக் கத்துக்கணும்மா." சொல்பவர் திரையில் ஒரு வண்ண அட்டவணையைக் காட்டுவார். காலை 5 மணிக்கு எழுந்தால் நாளில் இரண்டு மணி நேரம் மிச்சமாகும் என்பார். பின்வரிசையில் மெல்லிய சிரிப்பு எழும். விடியலில் குழாயில் தண்ணீர் வரும் தெருக்களிலிருந்து வந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை வீடு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த அறிவுரையை எதிர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு மாணவியின் உழைப்பை யார் யார் எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களில் யார் அதற்குக் காசு கொடுக்கவில்லை என்று கேட்க வேண்டிய இடத்தில், "நீ எப்படிச் சமாளிக்கப் போகிறாய்?" என்று அவளையே கேட்கிறோம். கணக்குக் கேட்க வேண்டியவளைக் கணக்குச் சொல்ல வைக்கிறோம்.

மதியம் ஒன்றரை மணிக்குப் பிறகு

சென்னையில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிஃப்டு உண்டு. காலை ஷிஃப்டு மதியம் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு முடிந்துவிடும். அதன் பிறகு அந்த மாணவிகள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். தி.நகரிலும் புரசைவாக்கத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் ஜவுளிக் கடைகளில் துணி எடுத்துப் போடுகிறார்கள். மருந்துக் கடையில் பில் போடுகிறார்கள். ஜெராக்ஸ் கடையில் நிற்கிறார்கள். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டப வாசலில் பட்டுப்புடவையோடு பன்னீர் தெளிக்கிறார்கள். பல வீடுகளில் காலை ஷிஃப்டைத் தேர்ந்தெடுப்பதே மதிய வேலையை மனதில் வைத்துத்தான். இந்த வேலையும் இந்த ஷிஃப்டும் சேர்ந்துதான் அவளைக் கல்லூரியில் வைத்திருக்கின்றன.

அந்த வேலையில் வரும் சில ஆயிரம் ரூபாயை 'பாக்கெட் மணி' என்று நினைப்பவர்கள் உண்டு. தேர்வுக் கட்டணம், தம்பியின் பள்ளி வேன், அம்மாவின் சர்க்கரை மாத்திரை, வாரந்தோறும் வாசலுக்கு வரும் குழு லோன் தவணை, மாதத்துக்கு ஒரு பாக்கெட் நாப்கின். இவையெல்லாம் அந்த ஆயிரங்களுக்குள் அடங்க வேண்டும்.

இப்போது இன்டர்ன்ஷிப் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இளநிலைப் பட்டப் படிப்பில் 60 முதல் 120 மணி நேரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். சட்ட மாணவிக்கு அகில இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்கள், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்கள் என்கின்றன. பி.எட். மாணவி 20 வாரங்கள் பள்ளிகளில் இருக்க வேண்டும். காகிதத்தில் படித்தால் எல்லாம் நியாயமாகத் தெரியும். படிக்கிற பிள்ளை வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? பார்க்க வேண்டும்தான். ஆனால், அலுவலகம் காலை 9.30 முதல் மாலை 6 வரை. ஒரு மாதமாவது முழு நேரம் வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். கல்லூரியோ அதை விடுமுறையில் முடிக்கச் சொல்கிறது. ஏப்ரல், மே மாதங்கள்தான் ஜவுளிக் கடையில் அவளுக்கு முழு நாள் சம்பளம் கிடைக்கும் மாதங்கள்.

ஆக, இன்டர்ன்ஷிப் அவளுடைய படிப்போடு மோதுவதே இல்லை. கூலியோடுதான் மோதுகிறது. கடை முதலாளி ஒரு மாதம் லீவு கொடுக்க மாட்டார். "போய்ட்டு வாம்மா, ஆனா வேற ஆள் போட்டுடுவேன்" என்பார். அலுவலகத்துக்கு பஸ், மின்சார ரயில், மதியச் சாப்பாடு, 'பார்மல்ஸ்' என்று கையிலிருந்து செலவாகும். வருமானம் நின்று செலவு கூடும் அந்த ஒரு மாதத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'வாய்ப்பு'.

நாளின் மறுமுனையில் வீடு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். அதைச் செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடங்கள். அப்படிச் செய்கிற ஆண்களே நான்கில் ஒருவர்தான். அண்ணன் இன்டர்ன்ஷிப் போனால் அவன் டிபன் பாக்ஸைக் கட்டித் தர ஒரு பெண் இருக்கிறாள். தங்கை போனால் தன் டிபன் பாக்ஸையும் அவன் டிபன் பாக்ஸையும் கட்டி வைத்துவிட்டுப் போகிறாள். தராசுக்கு இரண்டு தட்டு. அவளுக்கோ வீடு, கல்லூரி, கடை, அலுவலகம் என்று நான்கு. எந்தத் தட்டிலிருந்தும் யாரும் எதையும் இறக்கி வைக்கவில்லை. பிறகு எதை எதோடு பேலன்ஸ் செய்வது?

'பயிற்சி' என்ற பழைய தந்திரம்

இன்டர்ன்ஷிப் புதிய சொல். அதன் கணக்கு புதிதல்ல. தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகள் மில்லில் வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. அதை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று கிராமங்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் தலித் வீடுகளையும் பிற ஏழை வீடுகளையும் சேர்ந்த பதின்வயதுப் பெண்கள். அவர்களுக்கு மில்லின் பதிவேட்டில் 'தொழிலாளி' என்று பெயர் இல்லை. 'அப்ரண்டிஸ்' என்று எழுதினார்கள். சில மாதங்களில் கற்றுக்கொண்டுவிடக்கூடிய வேலையை மூன்று ஆண்டுகள் 'கற்றுக்கொண்டே' இருந்தார்கள். தொழிலாளி என்று எழுதினால் தொழிலாளிக்கான கூலி கொடுக்க வேண்டும், சங்கம் வரும், நிரந்தரம் கேட்பார்கள். பயிற்சி என்று எழுதினால் போதும். கொடுப்பதெல்லாம் தர்மம் ஆகிவிடும்.

விடுதிக் கதவுக்குப் பின்னால் அடைபட்ட அந்தப் பெண்களின் நிலையும், மாலையில் வீடு திரும்பும் கல்லூரி மாணவியின் நிலையும் ஒன்றல்ல. அப்படிச் சொல்வது அவர்கள் பட்டதைச் சிறிதாக்குவது. ஆனால், கணக்கு எழுதும் முறை ஒன்றுதான். பெண் எங்கே உழைத்தாலும் அதற்கு உழைப்பு என்பதைத் தவிர வேறொரு பெயர் தயாராக இருக்கிறது. வீட்டில் அது பாசம். அங்கன்வாடியில் சேவை, அதனால் நாட்டின் பல மாநிலங்களில் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 1975இல் தொடங்கிய திட்டத்தின் ஊழியர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஆகிவிட்டது. ஆஷா பணியாளர் 'தன்னார்வலர்'. மில்லில் பயிற்சி. இப்போது குளிர்சாதன அறையில் 'லேர்னிங்'.

எந்தப் பயிற்சிக்குக் காசு வருகிறது, எதற்கு வருவதில்லை என்று ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை உண்டு. அதைக் கூட்டச் சொல்லி அவர்கள் பலமுறை வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் நின்றால் வார்டு நின்றுவிடும் என்று அரசுக்குத் தெரியும். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஐ.ஐ.டி. மாணவர்களைக் கோடை விடுமுறைக்கு அழைத்தால் கை நிறையக் கொடுத்து அழைக்கின்றன. சும்மா செய்யச் சொல்லும் இடங்கள் எவை? சமூகப் பணி, உளவியல், ஆடை வடிவமைப்பு, ஊடகம், மனிதவளம், ஆசிரியப் பயிற்சி. பெண்கள் நிறைந்திருக்கும் வகுப்பறைகள் இவை. பி.எட். மாணவி ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் வாரக்கணக்கில் பாடம் நடத்துகிறாள், தேர்வுத்தாள் திருத்துகிறாள், ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு நடனமும் சொல்லித் தருகிறாள். அவளுக்கு அந்தப் பள்ளி ஒரு ரூபாயும் தருவதில்லை. அதே மாதங்களுக்கு அவள் தன் கல்லூரிக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதைவிடக் கேவலமான ஒன்றும் நடக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் தரும் நிறுவனங்கள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. கட்டணத்தைக் கட்டினால் சில நாள் வகுப்பு, கடைசியில் வண்ணச் சான்றிதழ். கட்டாயம் என்று கல்லூரி சொல்லிவிட்டது; இடம் கண்டுபிடிப்பது உன் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டது; கடைசித் தேதி நெருங்கிவிட்டது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று படிப்புக்குள் வந்தவள், இப்போது இன்னொரு சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குகிறாள். ஆடிட்டர் மாமாவும் வக்கீல் பெரியப்பாவும் இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் நல்ல இடம் கிடைத்துவிடுகிறது. 'ரெஃபரன்ஸ்' என்று நாம் நாகரிகமாகச் சொல்வதற்குள் சாதி சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தொந்தரவு நடந்தால் மட்டும் தொழிலாளி

சட்டம் இவளை எப்படிப் பார்க்கிறது? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், 'ஊழியர்' என்பதற்கு விரிவான விளக்கம் தருகிறது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தன்னார்வமாக வந்தாலும், பயிற்சியாளர், அப்ரண்டிஸ் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அவர் ஊழியரே. நல்ல சட்டம். பெண்கள் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது. அந்தச் சட்டத்தின் கண்ணில் இன்டர்ன் ஒரு தொழிலாளி. குறைந்தபட்சக் கூலி என்று வரும்போது அவள் மாணவி ஆகிவிடுகிறாள். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் உதவித்தொகைக்கு வழி உண்டு. ஆனால், அது அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்தவர்களுக்கு. கல்லூரிக் கடிதத்தோடு போகும் பெண் எந்தப் பதிவிலும் வருவதில்லை. கை வைத்தால் தொழிலாளி, காசு கேட்டால் மாணவி. ஒரே மேசையில், ஒரே நாளில்.

முதல் பாதியாவது நடைமுறையில் வேலை செய்கிறதா? 2013 நவம்பரில் ஓர் இளம் சட்டப் பட்டதாரி, தான் மாணவியாக இன்டர்ன்ஷிப் செய்த காலத்தில் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தன்னிடம் அத்துமீறியதாகப் பொதுவெளியில் எழுதினார். அந்த நீதிபதி மறுத்தார். விசாரித்த மூன்று நீதிபதிகள் குழு, விரும்பத்தகாத நடத்தை இருந்ததாக முதல்நோக்கில் தெரிகிறது என்றது. அதற்குமேல் உச்ச நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கவில்லை. நீதிபதி அப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அந்தப் பெண் உச்ச நீதிமன்றத்தின் பதிவேட்டில் உள்ள இன்டர்னும் இல்லை. நாட்டின் உச்சியில் இருக்கும் நீதிமன்றத்தின் நிழலிலேயே 'பதிவேட்டில் இல்லை' என்பது இத்தனை கனமான சொல்லாக இருந்தால், அண்ணா சாலையின் ஏதோ ஒரு மாடி அலுவலகத்தில் அது எவ்வளவு கனக்கும்?

சம்பளம் இல்லாத இடத்தில் அவளிடம் இருக்கும் ஒரே எதிர்பார்ப்பு கடைசி நாளில் கிடைக்கும் சான்றிதழ். அதில் கையெழுத்துப் போடுகிறவரே இரவு 11 மணிக்கு 'சாப்டியா?' என்று செய்தி அனுப்புகிறவராகவும் இருக்கலாம். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். இன்டர்ன்ஷிப்போ ஒரே மாதத்தில் முடிந்துவிடுகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அலுவலகத்தில் உள்ளகக் குழு இருக்காது. மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு, அங்கே போகலாம். இதைத் தன் மாணவிகளுக்குச் சொல்லி அனுப்பும் கல்லூரி எத்தனை? வீட்டில் சொன்னால் இன்டர்ன்ஷிப் மட்டுமல்ல, படிப்பே நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்ல மாட்டாள். 'அட்ஜஸ்ட்' செய்வாள். அதையும் நாம் பேலன்ஸ் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

தேடிப் பார்க்கும் உரிமை

இன்டர்ன்ஷிப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் மிக அழகான காரணம், அது பிடித்த துறையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் என்பது. இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். பதினெட்டு வயதில் 'எனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்டுக்கொள்வது எந்தப் பெண்ணுக்கும் ஆடம்பரம் ஆகக் கூடாது. ஆனால், தேடுவதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும்: நேரம், தவறிப்போனால் திரும்பி வர ஓர் இடம்.

பையன் பட்டப் படிப்பு முடித்து இரண்டு ஆண்டுகள் சினிமா, யூடியூப், போட்டித் தேர்வு என்று சுற்றினால், "அவனுக்குன்னு ஒரு வழி தேடிட்டு இருக்கான்" என்று அப்பா பெருமையும் கவலையும் கலந்து சொல்வார். பெண் ஆறு மாதம் வீட்டில் இருந்தால் ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். அவளுடைய தேடலுக்குக் கடைசித் தேதி குறிப்பது நிறுவனமோ கல்லூரியோ இல்லை, மாப்பிள்ளை வீடு. அந்தத் தேதிக்கு முன்னால் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்வதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே கெட்டிக்காரத்தனம். சம்பளமில்லாத மூன்று மாதத்தைச் செலவழித்து, 'இந்தத் துறை எனக்குச் சரிவராது' என்று தெரிந்துகொள்ளும் வசதி யாருக்கு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தைக் காட்டி, அரசே கொடுக்கிறதே என்பார்கள். 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்குப் பெரிய நிறுவனங்களில் ஓராண்டு இன்டர்ன்ஷிப், மாதம் 5000 ரூபாய் என்று அறிவித்தார்கள். காசு கொடுக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது நல்லதே. ஆனால், முழு நேரம் படித்துக்கொண்டிருப்பவர் அதில் சேர முடியாது என்று அப்போது விதி வைத்தார்கள். வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் பெண் பாதுகாப்பான விடுதியில் தங்கிச் சாப்பிட அந்த 5000 போதாது. 21 முதல் 24 என்பது நம் வீடுகளில் எந்த வயது என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கம், நம் ஊரிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தை, 2022 செப்டம்பரில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். தாலிக்குப் போன தங்கம், படிக்கும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1000 ரூபாயாக வந்தது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு அது தொடங்கியது. 'புதுமைப் பெண்' என்று பெயர். தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய ராமாமிர்தம் அம்மையாரின் பெயருக்கு அதுவே பொருத்தம். 1000 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால், அவள் பெயரில், அவள் கணக்கில், கணவன் வருவதற்காகக் காத்திருக்காமல் வருகிறது. ஒரு மாநிலம் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் படிப்புக்கு மாற்ற முடியும் என்றால், படிப்பின் பகுதியாகச் செய்யச் சொல்லும் வேலைக்குக் கூலி கொடுக்க வைக்க முடியாதா?

நம் பக்கத்திலிருந்து வரும் பதில்கள்

முதலாளிகள் சொல்லும் பதில்கள் நமக்குத் தெரிந்தவை. "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நாங்கதான் சொல்லித் தர்றோம்." இதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. அவள் நாளை வராவிட்டால் அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டுமா? ஆம் என்றால் அது வேலை. எக்செல் நிரப்புவது, நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் படம் போடுவது, வாடிக்கையாளரிடம் போனில் பேசுவது, நிகழ்ச்சியில் நாற்காலி அடுக்குவது, எல்லாமே வேலை. வேலைக்கு உண்டு கூலி.

"காசு கேட்டால் பெண்களை எடுக்கவே மாட்டார்கள்" என்று பயமுறுத்துவார்கள். மகப்பேறு விடுப்பு கேட்டபோதும் இதையேதான் சொன்னார்கள்.

எனக்குக் கவலை தருபவை நம்மிடமிருந்தே வரும் இரண்டு பதில்கள். ஒன்று: "வீட்டை விட்டு வெளியே வருவதே பெரிது, அனுபவம் கிடைக்கிறதே, நாலு பேரைப் பார்க்கிறாளே." உண்மைதான், வாசற்படியைத் தாண்டுவது பெரிய விஷயம். ஆனால், நான் சொல்லும் பெண் ஏற்கெனவே வாசலைத் தாண்டியவள். மதியம் கடைக்குப் போய் இரவு ஒன்பதரை மணிக்குக் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிப்பவள். அவளுக்கு நாம் கொடுக்கும் விடுதலை, கூலி தரும் வேலையிலிருந்து கூலி தராத வேலைக்கு மாறுவதாக இருந்தால், அது யாருக்கு விடுதலை? பெண்ணின் கையில் சொந்தக் காசு இருக்க வேண்டும் என்பதுதான் பெண்ணியம் நமக்குச் சொல்லித் தந்த அரிச்சுவடி.

இரண்டாவது: "நாங்கள் சின்ன அமைப்பு, எங்களிடம் நிதி இல்லை." பெண்கள் அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், சிறு பதிப்பகங்கள், மாற்று ஊடகங்கள் எல்லாம் இதைச் சொல்கின்றன. பொய் இல்லை. ஆனால், காகிதக்காரருக்குக் காசு கொடுக்கிறோம், அச்சகத்துக்குக் கொடுக்கிறோம், மண்டப வாடகை கொடுக்கிறோம். எல்லோருக்கும் கொடுத்த பிறகு காசு இல்லாமல் போகும் இடத்தில் எப்போதும் ஓர் இளம்பெண் நிற்கிறாள் என்றால், அது நிதிப் பற்றாக்குறை மட்டும் இல்லை. அவள் கேட்க மாட்டாள் என்ற நம்பிக்கையும்தான். வீட்டுவேலைக்குக் கூலி என்று மேடையில் பேசிவிட்டு, அந்த மேடையைக் கட்டிய பெண்ணுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பக் கூடாது. இரண்டு இன்டர்ன்களுக்குக் காசு இல்லையென்றால் ஒருவரை எடுங்கள். ஒரு மாதத்துக்கு இல்லையென்றால் பத்து நாளுக்கு எடுங்கள். பஸ் செலவும் சாப்பாடும் கொடுப்பது சம்பளம் ஆகாது. ஆனால், அதைக்கூடக் கொடுக்க முடியாத இடம் இன்டர்ன் வைத்துக்கொள்ளத் தகுதியான இடம் இல்லை.

என்ன கேட்கிறோம்

பெரிய கனவு எதையும் கேட்கவில்லை.

கல்லூரி கட்டாயமாக்கும் இன்டர்ன்ஷிப்பில், செய்த மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி அளவிலாவது பணம் தர வேண்டும். தராத இடத்துக்குக் கல்லூரி மாணவியை அனுப்பக் கூடாது. இடம் தேடும் பொறுப்பை அவள் தலையில் கட்டக் கூடாது. 60 மணி, 120 மணி என்று விதியில் இருந்தால் அத்தோடு நிறுத்த வேண்டும். 120 மணி நேரம் என்பது எட்டு மணி நேர வேலையில் பதினைந்து நாள். 'ஒரு மாசம் கூட இரும்மா' என்பதற்கு விதியில் இடமில்லை. வேலை நாளைப் பாதியாகவும் வாரக் கடைசியாகவும் பிரித்துக்கொள்ள வழி வேண்டும்.

அதைவிட முக்கியமானது, அவள் ஏற்கெனவே செய்யும் வேலையைக் கல்லூரி மதிக்க வேண்டும். இரண்டு ஆண்டு மருந்துக் கடையில் பில் போட்டு, சரக்கு இருப்புப் பார்த்து, காலாவதித் தேதி பிரித்து, ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் வணிகவியல் மாணவிக்கு வேறு எந்த அலுவலகம் என்ன சொல்லித் தரப் போகிறது? அந்தக் கடையையே அவளுடைய இன்டர்ன்ஷிப்பாக ஏற்று, அதற்குக் கிரெடிட் கொடுங்கள். ஒரு பேராசிரியர் அந்தக் கடைக்குப் போய்ப் பார்க்கட்டும். குளிர்சாதன அறையில் சும்மா செய்தால் அனுபவம், கடை கவுன்ட்டரில் கூலிக்குச் செய்தால் 'படிப்பைக் கெடுக்கும் வேலை' என்ற பார்வையில் இருப்பது கல்வி அக்கறை இல்லை, சாதிய மனம்.

அனுப்பும் கடிதத்திலேயே அந்த அலுவலகத்தின் உள்ளகக் குழு யார், மாவட்ட உள்ளூர்க் குழுவை எப்படி அணுகுவது என்று அச்சிட்டுத் தர வேண்டும். முடித்த மணி நேரத்துக்கான சான்றிதழ் அவள் உரிமை. எந்த அதிகாரியின் தயவாகவும் அது இருக்கக் கூடாது.

இவை நடக்காது என்று நினைத்தால், இரண்டு விஷயங்களை நினைவுபடுத்துகிறேன். இளம் வழக்கறிஞர்கள் மூத்தவர்களிடம் சும்மா உழைப்பது காலங்காலமான வழக்கம், மரபு என்றே சொல்லப்பட்டது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்கச் சொல்லும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எல்லா மூத்தவர்களும் கொடுத்துவிடப் போவதில்லை. ஆனால், கேட்பதற்கு இப்போது ஓர் எண் இருக்கிறது.

இன்னொன்று ஜவுளிக் கடை. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்க வேண்டும், உட்கார்ந்தால் அபராதம் என்ற நிலையை எதிர்த்துக் கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற பெயரில் சேர்ந்து போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டத்துக்குப் பெண்கள் கூட்டாகக் கேட்பது தேவைப்பட்டது. "பேலன்ஸ் பண்ணி நில்லுங்கள்" என்று அவர்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்றே ஒன்று. அடுத்த இன்டர்ன்ஷிப் நேர்காணலில் "ஏதாவது கேட்கணுமாம்மா?" என்பார்கள். கேளுங்கள்: எத்தனை மணி நேரம், என்ன வேலை, எவ்வளவு பணம், புகார் என்றால் யாரிடம். நான்கு கேள்விகள். தனியாகக் கேட்டால் 'திமிர் பிடித்தவள்' என்பார்கள். அதனால் வகுப்பாகச் சேர்ந்து கேளுங்கள். கடிதத்தில் கேளுங்கள், பதிலையும் கடிதத்தில் வாங்குங்கள். காசு தராத இடங்களின் பட்டியலை உங்கள் ஜூனியர்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போங்கள். கல்லூரியின் இன்டர்ன்ஷிப் கோப்பில் இல்லாத அந்தப் பட்டியல்தான் அடுத்த ஆண்டு வருபவளுக்கு முதலில் தேவைப்படும்.